வால்வு படித்த கதை

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க. ஆனா கேன்டீன் டீ, கடைசி பெஞ்ச், ஹாஸ்டல் சாம்பார் வேண்டாம். அது ஏற்கெனவே நிறைய வந்தாச்சு" என்று சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது அந்த மூன்றும்தான். அதற்கு மேல் தெரிந்தது ஒன்றே ஒன்று, இதய வால்வு. ஆகவே அதைப் பற்றி எழுதுகிறேன். சக மாணவர்களும், எனக்கு முன்னால் படித்த அண்ணன்மார் அக்காமாரும், இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளும் பொறுத்தருள வேண்டும்.

போன வருடம் கல்லூரிக்கு வந்திருந்தபோது இறுதியாண்டுத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, மெக்கானிக்கல் முடிச்சிட்டு பயோமெடிக்கல் எம்.டெக். போனா ஸ்கோப் இருக்கா? அதுல பயாலஜியும் வருதாம், பிசினஸும் வருதாம். நாம எதுக்கு அதெல்லாம் படிக்கணும்?" அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதி பதில்தான் சொன்னேன். மீதிப் பாதி இது.

என் சித்தியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தக்கலைப் பக்கத்தில் எங்கள் வீடு. கூட்டுக் குடும்பம். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சித்திக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்தால் திண்ணையில் உட்கார்ந்துவிடுவாள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. சிறு வயதில் வந்த தொண்டைப்புண்ணும் மூட்டு வீக்கமும்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. தொண்டைக்கு வந்த ஒரு கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் படை, ஆள் தெரியாமல் தன் இதய வால்வையே தாக்கிவிடுகிறது. ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். தாக்கப்பட்ட வால்வு வருடக்கணக்கில் தடித்து, இறுகி, கடைசியில் சட்டைப் பொத்தான் துளை போல ஆகிவிடும். ஏழை நாடுகளின் வியாதி இது. 1998-இல் திருவனந்தபுரத்தில் சித்திக்கு ஆபரேஷன் நடந்தது. வீட்டில் அடகுக்குப் போன நகைகளின் பட்டியல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "நல்லவேளை, நம்ம நாட்டு வால்வு கிடைச்சுது. வெளிநாட்டுதுன்னா தோப்பும் போயிருக்கும்" என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்த 'நம்ம நாட்டு வால்வு' எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன்னால் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய் வர வேண்டியிருக்கிறது.

1952-இல் வாஷிங்டன் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹஃப்நாகல் என்ற அறுவை மருத்துவர், பிளாஸ்டிக் கூண்டுக்குள் ஒரு பந்தை வைத்து வால்வு செய்து மனிதருக்குப் பொருத்தினார். பொருத்திய இடம் இதயம் அல்ல, இதயத்திலிருந்து கீழே இறங்கும் பெரிய ரத்தக்குழாய். இதயத்தை நிறுத்திவைத்துத் திறந்து வேலை செய்ய அப்போது வழி இல்லை. இதய-நுரையீரல் இயந்திரம் மனிதரிடம் முதன்முதலாக வெற்றி பெற்றதே 1953-இல்தான். ஹஃப்நாகல் பொருத்திய பந்து அடிக்கும் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்குமாம்.

அடுத்து வருகிறார் நம்ம ஆள். லோவல் எட்வர்ட்ஸ், ஓய்வு பெற்ற எஞ்சினியர். பம்பு, ஹைட்ராலிக்ஸ் என்று வாழ்ந்தவர், விமான எஞ்சின்களுக்கான எரிபொருள் பம்பில் காசு பார்த்தவர். 1958-இல், அறுபது வயதில், ஓரிகன் மாநிலத்தில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் அறுவை மருத்துவரைத் தேடிப் போய், "செயற்கை இதயம் செய்யலாமா?" என்று கேட்டார். முழு இதயம் இப்போதைக்கு வேண்டாம், முதலில் ஒரு வால்வு செய்வோம் என்று ஸ்டார் திருப்பிவிட்டார். இரண்டே வருடத்தில், 1960-இல், ஸ்டார்-எட்வர்ட்ஸ் வால்வு மனித இதயத்துக்குள் போயிற்று. ஆரம்ப நோயாளிகளில் ஒருவர் அதோடு பத்து வருடம் வாழ்ந்து, கடைசியில் ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். வால்வு கடைசி வரை வேலை செய்தது! எட்வர்ட்ஸ் அதோடு நிற்கவில்லை, வால்வு தயாரிக்கக் கம்பெனியும் ஆரம்பித்தார். உயிரியல் தெரிந்த ஸ்டார், எஞ்சினியரிங்கும் வியாபாரமும் தெரிந்த எட்வர்ட்ஸ் என்று மூன்று பாடமும் இரண்டு பேருக்குள் அடங்கிவிட்டன. சிலபஸ் போடுகிறவர்களுக்கு இது புரிய இன்னும் நாற்பது வருடம் ஆயிற்று என்பது வேறு விஷயம்.

அந்தச் சிலபஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960-களின் தொடக்கத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், பென்சில்வேனியா, ரோசெஸ்டர் பல்கலைக்கழகங்களில் அரசு உதவியோடு பயோமெடிக்கல் எஞ்சினியரிங் மேற்படிப்பு வேரூன்றியது. 1970-இல் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் கூட்டாக ஒரு படிப்பைத் தொடங்கின. எஞ்சினியரை மருத்துவ மாணவரோடு ஒரே வகுப்பில் உட்கார வைத்தார்கள். மின் இணைப்பான்கள் தயாரித்துச் சம்பாதித்த விட்டேக்கர் என்ற எஞ்சினியர் 1975-இல் இறந்தபோது விட்டுச்சென்ற சொத்தில் ஓர் அறக்கட்டளை உருவாகி, கல்லூரி கல்லூரியாக இந்தத் துறைகளைக் கட்டிக் கொடுத்தது. பணம் முழுவதையும் செலவழித்துவிட்டு 2006-இல் கதவை மூடிக்கொண்டது. (இப்படி ஓர் அறக்கட்டளை நம் சங்கத்துக்கும் வாய்க்கலாம். பொருளாளர் கவனிக்கவும்.) இவ்வளவு காலமும் இருந்தது உயிரியலும் எஞ்சினியரிங்கும்தான். மூன்றாவது பாடத்தை அழுத்தமாகச் சேர்த்தது ஸ்டான்ஃபோர்டில் 2001-இல் தொடங்கிய பயோடிசைன். பால் யாக் என்ற இதய மருத்துவர் அதன் பின்னால் இருந்தார். கருவியை யோசிக்காதே, முதலில் வார்டில் போய் நில், என்ன தேவை என்று ஒரே வாக்கியத்தில் எழுது, யார் காசு கொடுப்பார்கள் என்று கேள், அதற்கப்புறம் படம் வரை என்பது அவர்கள் முறை. 2007-இல் டெல்லி எய்ம்ஸும் டெல்லி ஐ.ஐ.டி.யும் ஸ்டான்ஃபோர்டுடன் சேர்ந்து இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தன. நம் பக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிலையம் மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் எஞ்சினியரிங் எம்.டெக். நடத்தத் தொடங்கின.

நிற்க. திருவனந்தபுரம் வந்துவிட்டோம், இனி அங்கேயே இருப்போம்.

1973-இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் ஒரு பெரிய கட்டடத்தைக் கேரள மக்களுக்கு மருத்துவமனைக்காக அன்பளித்தது. அடுத்த வருடம் அதை நடத்த வந்தவர் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான். ஜார்ஜ்டவுனில் அதே ஹஃப்நாகலிடம் பயிற்சி பெற்றவர். திருவனந்தபுரம் வருவதற்கு முன் சில காலம் நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இருந்தவர். நகரின் இன்னொரு பக்கம், பூஜப்புரையில் இருந்த ஓர் அரண்மனையில் கருவிகளுக்கான ஆராய்ச்சிப் பிரிவு அமைந்தது. அரண்மனைக்குள் லேத் ஓடியது, பக்கத்தில் செம்மறி ஆடு கத்தியது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். 1980-இல் நாடாளுமன்றம் இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

1970-களின் பிற்பகுதியில் அங்கே வால்வு வேலை தொடங்கியது. எஞ்சினியரிங் பக்கத்தை முன்னின்று நடத்தியவர் ஜி.எஸ்.புவனேஸ்வர். கூண்டும் பந்தும் அல்ல, சாய்ந்து திறக்கும் தட்டு வால்வு. வளையத்துக்குள் ஒரு தட்டு, அது கழன்றுவிடாமல் பிடிக்க இரண்டு வளைந்த கம்பிகள். அவ்வளவுதான். நம் வொர்க்‌ஷாப்பில் ஒரு வாரத்தில் செய்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

இங்கே கொஞ்சம் கணக்கு. இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்பு. ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம். பத்து வருடத்துக்கு 38 கோடி. அத்தனை முறையும் அந்தத் தட்டு திறந்து மூட வேண்டும். இடையில் சர்வீஸுக்கு நிறுத்த முடியாது. இயந்திர வால்வு சோதனைக் கருவியில் 40 கோடி முறை ஓடித் தாங்க வேண்டும் என்கிறது சர்வதேசத் தர விதி.

முதல் மாதிரியில் தட்டைத் தாங்கும் கம்பி வெல்டிங் செய்த இடத்தில் விட்டுவிட்டது. சரி, வெல்டிங்கே வேண்டாம், ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுப்போம் என்றார்கள். டைட்டானியம் சட்டம், அதற்குள் செயற்கை நீலக்கல்லின் ஒற்றைப் படிகத்தில் தட்டு. நீலக்கல் கடினம், டைட்டானியம் தேய்ந்துபோனது. டைட்டானியத்தை மாற்றி, விமான எஞ்சின் பாகங்களுக்குப் பயன்படும் கோபால்ட் வகை உலோகக் கலவையில் சட்டம் செய்தார்கள். தேய்மானம் நின்றது. ஆட்டுக்கும் பொருத்தியாகிவிட்டது. இந்த முறை நீலக்கல் தட்டே உடைந்தது, ஆடு செத்துப்போனது. மூன்று மாதிரி, மூன்று தோல்வி. நம் கல்லூரி ப்ராஜெக்ட்டாக இருந்தால் மூன்றாம் நாளே தலைப்பை மாற்றியிருப்போம்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் அந்தத் தட்டுக்கு ஒருவகைக் கரியைப் பயன்படுத்தின. அணு உலை எரிபொருள் உருண்டைகளுக்குப் பூசுவதற்காக அமெரிக்காவில் ஜாக் போக்ரோஸ் வேலை செய்துகொண்டிருந்த கரி அது. ரத்தம் அதன் மேல் உறையாமல் ஓரளவு மரியாதையாக நடந்துகொள்கிறது என்று 1960-களில் கண்டுபிடித்து வால்வுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தொழில்நுட்பம் அன்று நம் கையில் இல்லை. ஆகவே நான்காவது மாதிரிக்குத் திருவனந்தபுரத்தார் தேர்ந்தெடுத்தது, இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் கிண்ணமாகப் பயன்படும் அடர்த்தியான பாலிஎத்திலீன். பிளாஸ்டிக் தட்டு! நீலக்கல்லிலிருந்து பிளாஸ்டிக்குக்கு இறங்கி வந்ததாக அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் அது தேயவில்லை, உடையவில்லை, மூடும்போது சத்தமும் குறைவு. 1990 டிசம்பர் 6-ஆம் தேதி மனிதருக்கு முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. பிறகு பல மருத்துவமனைகளில் வருடக்கணக்கில் சோதனை. அதற்குப் பின்தான் சந்தை.

வெல்டிங் விஷயத்துக்கு ஒரு நிமிடம் திரும்பி வருகிறேன். ஏனென்றால் இந்தக் கதையின் மறுபக்கம் அங்கேதான் இருக்கிறது. அதே காலகட்டத்தில் உலகப் புகழ் பெற்ற பியோர்க்-ஷைலி வால்வின் புது வடிவம் 1979-இல் விற்பனைக்கு வந்தது. அதிலும் ஒரு கம்பி வெல்டிங் செய்யப்பட்டது. சுமார் 86,000 பேருக்குப் பொருத்திய பிறகு, 1986-இல் அது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. கம்பி ஒடிந்தது 600 பேருக்கு மேல். ஒடிந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. நம் ஊர் ஆராய்ச்சிக்கூடத்தில் சோதனைக் கருவியில் வெளிப்பட்ட மாதிரியான கோளாறு, அங்கே மனிதருக்குள் வெளிப்பட்டது. மருத்துவக் கருவிகளுக்கு அமெரிக்கா 1990-இல் கடுமையான புதுச் சட்டம் கொண்டுவந்ததற்கு இந்த விவகாரமும் ஒரு காரணம். எம்.டெக்.கில் 'பிசினஸ்' என்ற பெயரில் எங்களுக்கு நடத்திய முதல் பாடமே இதுதான். லாப நஷ்டக் கணக்கு சொல்லித் தருவார்கள் என்று நினைத்துப் போன எனக்கு, ஒரு கோளாறு தெரிந்த பிறகு எத்தனை நாள் விற்றுக்கொண்டிருக்கலாம் என்ற கேள்வியும் அதே பாடத்தில் வரும் என்பது அன்றுதான் தெரிந்தது.

உயிரியல் பாடத்தில் நான் முதல் செமஸ்டரில் அரியர். மறைக்க ஒன்றுமில்லை. ரத்தத்தைத் தண்ணீர் மாதிரி நினைத்துக்கொண்டு விடை எழுதினேன். வால்வுக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் குறைவாக இருந்தால் நல்ல வால்வு, நாம் படித்தது அதுதானே? ஆனால் ரத்தம் தேங்கினால் உறையும், உராய்ந்தால் சிவப்பணு கிழியும், அந்நியப் பொருளைத் தொட்டால் சந்தேகப்படும். மூலையில் ஒரு சின்னச் சுழல் நின்றால் போதும், அங்கே ஒரு கட்டி உருவாகி மூளைக்குப் போய்விடும். அதனால்தான் எந்த இயந்திர வால்வு வைத்தாலும் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. அதில் பிரபலமானது வார்ஃபரின். இந்தப் பெயரின் முதல் நான்கு எழுத்து எங்கிருந்து வந்தது தெரியுமா? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் 1925-இல் ஆரம்பித்த ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்ததை ஆராயப் போய்க் கிடைத்த மருந்து வகை. வார்ஃபரின் முதலில் எலிப் பாஷாணமாக 1948-இல் விற்பனைக்கு வந்து, பிறகு மனிதருக்கு மருந்தாயிற்று. முன்னாள் மாணவர் சங்கம் என்றால் மலர் போடுவது மட்டும்தானா என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வரவேண்டாம், நான் தகவலைத்தான் சொன்னேன்.

சித்தி வாராவாரம் கீரை சாப்பிடும் அளவை ஒரே மாதிரி வைத்துக்கொள்வாள். ஒரு வாரம் முருங்கைக்கீரை அதிகமானால் மருந்தின் வேலை குறையும். இதை எந்தப் பாடப்புத்தகமும் பார்க்காமல் இருபது வருடமாகச் செய்துவந்தவள் அவள்தான். பாஸ் பண்ணியிருக்க வேண்டியவள் அவள், நான் அல்ல.

இனி வியாபாரம். வால்வை ஆராய்ச்சிக்கூடத்தில் செய்துவிட்டால் போதாது, யாராவது ஆயிரக்கணக்கில் செய்து விற்க வேண்டும். சென்னை டி.டி.கே. குழுமம் முன்வந்தது. குக்கருக்குப் பேர்போனவர்கள். குக்கர் வெயிட்டும் ஒரு வால்வுதானே என்று எங்கள் வகுப்பில் சிரித்துக்கொள்வோம். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும், தூசியில்லா அறை, ஒவ்வொரு வால்வுக்கும் தனிப் பதிவேடு, இதெல்லாம் நிலையான செலவு. பத்து செய்தாலும் பத்தாயிரம் செய்தாலும் அந்தச் செலவு அப்படியே நிற்கும். விலை குறைவாக வைக்க வேண்டுமென்றால் எண்ணிக்கை கூட வேண்டும். எண்ணிக்கை கூட வேண்டுமென்றால் மருத்துவர்கள் நம்ப வேண்டும். வருடக்கணக்கான நோயாளிக் குறிப்புகள் இல்லாமல் நம்பிக்கை வராது. இந்த வட்டத்தைச் சுற்றி வெளியே வந்ததால்தான் இன்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குள் அந்த வால்வு போயிருக்கிறது. இதே நிலையத்தில் உருவான ரத்தப் பையின் கதையும் ஏறக்குறைய இதுதான். அதைத் தயாரிக்க ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு வந்தவர் சி.பாலகோபால். வேலையை விட்டதற்கு வீட்டில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்க ஆசை.

காசு கொடுப்பது யார் என்பது மாறினால் எல்லாமே மாறும். 1998-இல் எங்கள் வீட்டு நகை. 2009-இல் தமிழ்நாட்டில் உயிர் காக்கும் சிகிச்சைகளுக்கு அரசுக் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு, ஏழைக் குடும்பத்துக்குப் பல ஆபரேஷன்களுக்கு அரசே காசு கொடுத்தது. அப்போது விலையைப் பேரம் பேசுபவரும் மாறிவிடுகிறார். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு கருவியை வடிவமைப்பது, பெண் யாரென்று தெரியாமல் கல்யாண மண்டபம் புக் பண்ணுவது போல.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் கிழித்தது என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். முதல் வேலையில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப் ஒன்றுக்கு அலாரப் பகுதி என் பொறுப்பு. காற்றுக் குமிழி வந்தால், குழாய் மடிந்தால், பேட்டரி இறங்கினால், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வீறிடும்படி செய்தேன். சோதனை எல்லாவற்றிலும் பாஸ். சில மாதம் கழித்து ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, பம்பின் ஸ்பீக்கர் துளை மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "ராத்திரி ஓயாம கத்துது சார், பேஷண்ட் யாரும் தூங்க முடியல. எது நிஜமான ஆபத்துன்னும் தெரியல" என்றார் செவிலியர் அக்கா. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம். வார்டில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயம். தேவையை ஒரு வாக்கியத்தில் எழுது என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியவன்தான் நான். வேலையில் எழுத மறந்துவிட்டேன். அடுத்த வடிவத்தில் மூன்று வகைச் சத்தம் வைத்தோம். அந்த அக்காவைக் கேட்டுத்தான் வைத்தோம்.

ஆக, தம்பி கேட்ட கேள்விக்கு: ஸ்கோப் உண்டு. ஆனால் முதல் வேலை பெரும்பாலும் சர்வீஸ் அல்லது விற்பனையில்தான் கிடைக்கும், வடிவமைப்பு வேலை குறைவு, ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள். 2005 வரை நம் நாட்டில் இதய வால்வு போன்றவற்றுக்கே ஒழுங்கான கட்டுப்பாடு இல்லை. மருத்துவக் கருவிகளுக்கென்று தனி விதிகள் 2017-இல்தான் வந்தன. அதனால் விதி படித்த எஞ்சினியருக்கு இப்போது தேவை கூடியிருக்கிறது. பயாலஜிக்குப் பயந்து போகாமல் இருந்துவிட வேண்டாம். அரியர் வைத்தும் பிழைக்கலாம், நானே சாட்சி.

டாக்டர் வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். அந்தச் செய்தியை நான் சித்திக்குப் படித்துக் காட்டினேன். யார் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. சொன்னதும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "நீ செய்யற பம்ப் என்ன விலை மக்களே? நம்மள மாதிரி ஆளுங்க ஆஸ்பத்திரில வாங்குவாங்களா?" என்று கேட்டாள். விலை எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ஆபீஸ் போய்க் கேட்டேன்.

மறுசந்திப்பு அன்று, சோதனைக்குப் பயன்படுத்திக் கழித்த மாதிரி வால்வு ஒன்றைக் கொண்டுவருகிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு பழைய ஹைட்ராலிக்ஸ் லேபில் இருப்பேன். கையில் வாங்கித் திறந்து மூடிப் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.